வக்கீலுக்கு எதிரான ஏழாவது கேள்வி

அந்த விலங்குக் காப்பகத்தில் பெரிய டாக்டர் என்று அழைக்கப்பட்டவரின் உயரம் நாலே முக்கால் அடி. முன்பு சின்ன டாக்டர் என்று ஒருவர் இருந்தார், ஆறடி இரண்டு அங்குலம். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒப்பிட ஆளில்லாமல் பெரிய டாக்டர் பெரிய டாக்டராகவே நிலைத்துவிட்டார்.

அங்கே வரும் நாய் பூனைகளின் உடம்புக்கும் குணத்துக்கும் அந்த அம்மாள்தான் தலைமைப் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோப்புகள். உடம்புக் கோப்பு மெலிதாக இருக்கும்: கால் முறிவு, சேர்ந்தது, சொறி, ஆறியது. குணக் கோப்பு அப்படியல்ல. முதல் பக்கத்தில் 'பயப்படுகிறது' என்று இருக்கும். நாற்பதாவது பக்கத்திலும் அதேதான் இருக்கும், கையெழுத்து மட்டும் மோசமாகியிருக்கும்.

வக்கீல் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. யாரோ வாசல் கதவில் துணிக்கொடிக் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் இரண்டு வெள்ளைப் பட்டை. கூண்டுகளைக் கவனித்துக்கொண்டவர் முன்பு கட்டட வேலையில் இருந்தவர், எல்லாருக்கும் மேஸ்திரி. பெயர் வைப்பது அங்கே அவருடைய உரிமை. மூன்றாம் கூண்டில் ஹெட்மாஸ்டர் இருந்தது, ஆறாம் கூண்டில் ஓடிப்போன மாப்பிள்ளை இருந்தது, பூனை அறையில் மாமியார் அலமாரி மேல் உட்கார்ந்து எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தது.

"கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டை. கிட்டப் போனா ஆட்சேபணை. வக்கீலேதான் டாக்டர்," என்றார் மேஸ்திரி. நாய் அவரைப் பார்த்து உறுமியது. "பாத்தீங்களா, வாதாட ஆரம்பிச்சிட்டாரு."

நாலாம் நாள் தேர்வு. சிரிப்பெல்லாம் அதற்கு முன்பு வரைக்கும்தான்.

தேர்வு என்பது மூன்று வருடங்களுக்கு முன் பெரிய டாக்டரே கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் எந்த நாய் வீட்டுக்குப் போகலாம் என்பதை அவரே முடிவு செய்வார். பார்ப்பார், தலையைத் தடவுவார், 'நல்ல பையன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்படி ஒரு நல்ல பையனை, பதினோரு தடவை 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டு, இனிக் கடிக்காது என்று நிச்சயமான பிறகு, ஒரு தையல்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒன்பதாம் நாள் நல்ல பையன் தையல்காரரின் வலது கையைக் கவ்வியது, விடவில்லை. அந்த விரல்கள் இன்றுவரை கத்தரிக்கோலைச் சரியாகப் பிடிப்பதில்லை. அவர் வழக்குப் போடவில்லை. சண்டைக்கும் வரவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்," என்று மட்டும் சொன்னார். அது ஆறுதலா கேள்வியா என்று டாக்டருக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த வாரமே உட்கார்ந்து படிவத்தை எழுதினார். பன்னிரண்டு கேள்விகள். ஆம், இல்லை, அவ்வளவுதான் பதில். நாயை முன்பின் பார்த்திராத ஒருவர் வெளியிலிருந்து வந்து தேர்வு நடத்த வேண்டும். மருத்துவம் பார்த்த டாக்டர் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். குறித்த தேதி மாறாது. முதல் தேர்வில் தோற்றால் ஆறு வாரம் கழித்து இன்னொன்று. அதிலும் தோற்றால் கூண்டில் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை விழுந்த நாய்க்கு வீடு கிடையாது, சாகிறவரை பின்வரிசை. காரணம் எழுதுவதற்குப் படிவத்தில் இடம் விடவில்லை. அவர் எழுதக்கூடிய காரணங்கள் எப்படிப்பட்டவை என்று அவருக்கே தெரியும்.

முதல் தேர்வில் வக்கீல் பதினோரு கேள்விகளில் தேறியது. ஏழாவது கேள்வி, 'அந்நியர் அணுகும்போது உறுமுகிறதா?' அதற்கு மட்டும் ஆம்.

தேர்வு முடிந்த மறுநாள்தான் டாக்டர் அதன் காதுக்குள் முழுசாகப் பார்க்க முடிந்தது. இரண்டு காதும் உள்ளே அழுகியிருந்தன. யாராவது தலைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்தால் உறுமாமல் கச்சேரியா பண்ணும்? டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகலைப் பார்த்து இத்தனை மகிழ்ந்தவர் யாரும் இருக்க முடியாது. காரணம் கிடைத்துவிட்டது, காரணத்துக்குச் சொட்டு மருந்தும் இருக்கிறது, கிட்டத்தட்ட ஆறு வாரம் மிச்சமும் இருக்கிறது.

தினமும் இரண்டு வேளை அவரே மருந்து விட்டார். மூன்று வாரத்தில் காது கண்ணாடி போலாகிவிட்டது.

உறுமல் மட்டும் கூடியது.

முதலில் டாக்டர் நம்பவில்லை. கூண்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் போனாலும் உறுமலைக் குறித்துவைக்கச் சொன்னார். முதல் நாள் நாலு. பிறகு ஏழு, பதினொன்று, பத்தொன்பது. ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், பல்லைப் பார்த்தார். எல்லாம் பழுதில்லை. வாழ்நாளில் இத்தனை ஆரோக்கியமான நாயைப் பார்த்ததில்லை, இத்தனை உறுமலையும் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் மருந்து அலமாரியின் சாவியை மேஸ்திரி தொலைத்தார். புதுச் சாவி போட வந்தவர், உட்கார இடம் தேடி வக்கீலின் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இருபது நிமிடம் சாவிக்கு அரம் போட்டார். எழுந்தபோது முதுகுச் சட்டை ஈரமாக இருந்தது. கம்பி வழியாக மூக்கை நீட்டி வக்கீல் அத்தனை நேரமும் அவர் முதுகில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இவரு யாருங்க?" என்றார் சாவிக்காரர்.

"வக்கீல்," என்றார் மேஸ்திரி.

"அப்படியா. எனக்கு இதுவரைக்கும் வக்கீல் வைக்கிற வசதி வந்ததில்ல."

அடுத்த சனிக்கிழமை அவர் வேலை எதுவும் இல்லாமலே வந்தார். அதற்கடுத்த வாரம் தன் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த அம்மாளிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஆமா.

"எங்கக்கா முன்னாடி எதுக்குமே ஒத்துக்க மாட்டா டாக்டர்," என்றார் சாவிக்காரர். "நாப்பது வருஷமா நான் என்ன சொன்னாலும் இல்லைன்னவ. இப்ப எல்லாத்துக்கும் ஆமா. ஜெயிச்சுட்டோம்னு சந்தோஷப்படக்கூட முடியல."

"ஆமா," என்றார் அக்கா.

"நான் காலையில கடைக்குப் போனா திரும்பி வர ஒன்பது மணி நேரம். பக்கத்து வீட்டுப் பொண்ணு மத்தியானம் வந்து சாப்பாடு குடுத்துட்டுப் போயிடும். மத்த நேரமெல்லாம் இவ கதவையே பாத்துட்டு உட்காந்திருக்கா. ஊர்க் கதவையெல்லாம் தொறந்து விடுறவன் நான். எங்க வீட்டுக் கதவைத்தான் ஒன்பது மணி நேரம் தொறக்க ஆளில்ல."

வக்கீலைக் கயிறு போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அது நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றியது, அக்காவின் வலது பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அக்கா குனிந்து பார்த்தார். அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. இருந்தாலும் பார்த்துக்கொண்டேயிருந்தார். "ஆமா," என்றார், யாரும் எதுவும் கேட்காமலே.

சாவிக்காரர் அன்றே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். இரண்டாம் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது தன் வீட்டில், தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு. மாலை ஆறு மணிக்குக் கணவர் சோபாவில் உட்கார்ந்து யாரையும் குறிப்பிடாமல் முணுமுணுக்க ஆரம்பித்தார். கிரிக்கெட்டில் தொடங்கி, குழாயில் தண்ணீர் வருகிற வேகம் வரைக்கும் வந்தது. டாக்டர் டீ போட்டுக் கையில் கொடுத்தார். முணுமுணுப்பு நின்றது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. அன்று டாக்டர் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன?" என்றார் கணவர்.

"ஒன்னுமில்ல. நீங்க குடிங்க."

மறுநாள் காலை சாமான் அறைக்குள் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். மேஸ்திரி வக்கீலின் கூண்டுக்குப் போனார். உர்ர். "சரி சரி, கோவிச்சுக்காத சாமி," என்று பையிலிருந்து ஒரு பிஸ்கட். அமைதி. பத்து நிமிடம் கழித்து வரவேற்பு மேசைப் பெண் வந்தாள். அவள் குரல் தெருமுனைவரை கேட்கும், அதனால் மைக் என்று பெயர். உர்ர். "ஐயோ என் செல்லத்துக்கு என்ன கோவம்?" பிஸ்கட். அமைதி. வண்டி ஓட்டுபவர் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லாதவர். அவரும் வந்தார். உர்ர். பிஸ்கட்.

மேஸ்திரி இரண்டாவது தடவை வந்தபோது வக்கீல் உறுமிவிட்டு, உடனே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவர் பையைப் பார்த்தது. வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. கோபம் எந்த இடத்திலும் இல்லை. மணியடித்துவிட்டுக் கதவு திறக்கக் காத்திருக்கும் விருந்தாளிபோல இருந்தது.

டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் கத்தினார். நாலே முக்கால் அடியிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நாம என்ன பண்ணியிருக்கோம்னு புரியுதா? உறுமினா பிஸ்கட்டுன்னு சொல்லிக் குடுத்திருக்கோம்! பாடம் எடுத்திருக்கோம்! அவன் நல்லாப் படிச்சிருக்கான்!"

"நான் சும்மா இருக்கட்டுமேன்னு ஒன்னே ஒன்னுதான் டாக்டர்," என்றாள் மைக்.

"நானும் ஒன்னுதான்," என்றார் டிரைவர்.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "நான் ஒன்னுன்னு சொல்ல மாட்டேன்."

"முதல்ல யாரு ஆரம்பிச்சது?"

மேஸ்திரி மெல்லத் தலையை நிமிர்த்தி, பெரிய டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பையைப் பார்த்தார். மற்ற இருவரும் அதைத்தான் பார்த்தார்கள். டாக்டர் பைக்குள் கையை விட்டார். விரல் நுனியில் பிஸ்கட் தூள் ஒட்டியது.

மூன்று வாரம், தினமும் இரண்டு வேளை. மருந்துக் குப்பியை எடுத்தால் உறுமும். நிற்கும்வரை காத்திருப்பார். நின்றதும், 'நல்ல பையன்' என்று ஒரு பிஸ்கட். அமைதிக்குத்தான் கொடுத்தார். ஆனால் அமைதி வர வேண்டுமானால் முதலில் உறுமியாக வேண்டும் என்று நாய் கணக்குப் போட்டுக்கொண்டது. அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறுமல் தாளும் ஞாபகம் வந்தது. சாவிக்காரரின் சனிக்கிழமைக் கட்டங்கள் எல்லாம் காலி. எழுத மறந்துவிட்டார் என்று ஒருமுறை அவரைக் கடிந்துகொண்டும் இருக்கிறார். "உறுமினாத்தானே டாக்டர் எழுத," என்று அந்த மனிதர் சொன்னார். அவர் பையில் சாவி மட்டும்தான் இருந்தது. அவரிடம் உறுமி ஒரு பிரயோசனமும் இல்லை.

இனி நாலு நாள். இதை மாற்றும் வழி டாக்டருக்கு நன்றாகத் தெரியும், அதைப் பற்றிப் பாடமே எடுத்திருக்கிறார். உறுமினால் எதுவும் கிடைக்கக்கூடாது; கேட்காமல் உட்கார்ந்தால் கிடைக்க வேண்டும். மூன்று வாரத்தில் சரியாகும். ஆனால் முதல் வாரம் அதிகமாகும். கடைக்காரர் திறக்கவில்லையென்றால் ஷட்டரை ஓங்கித் தட்டுவதில்லையா, அதுபோல. தொடங்கினால் தேர்வன்று உறுமல் உச்சத்தில் இருக்கும். தொடங்காவிட்டால் இருக்கிற உறுமல் இருக்கும். எப்படியும் ஆம்.

"தேதியைத் தள்ளிப் போடுங்களேன் டாக்டர்," என்றார் மேஸ்திரி.

"விதியில இடமில்ல."

"யாரு எழுதின விதி அது? கேட்டுப் பாப்போமே."

டாக்டர் அவரைப் பார்த்தார். மேஸ்திரி, "சரி, நான் கூண்டைக் கழுவப் போறேன்," என்று போய்விட்டார்.

சரியான வழியையே தொடங்கினார்கள். பிஸ்கட் நின்றது. வக்கீலுக்கு முதல் நாள் வியப்பு. இரண்டாம் நாள் இவர்களுக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு செய்து சத்தத்தைக் கூட்டியது. மூன்றாம் நாள் மேலுதட்டைத் தூக்கிப் பல்லையும் காட்டியது. மைக் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுகையும் தெருமுனைவரை கேட்டது.

தேர்வன்று வந்த மதிப்பீட்டாளர் வேறு காப்பகத்தில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷி. வில்லியாக இருந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆறு கேள்விகளும் பிரமாதமாகப் போயின. ஏழாவதுக்கு அவர் வெளியே போய் மீண்டும் உள்ளே வந்து, நேராக வக்கீலை நோக்கி நடந்தார்.

வக்கீல் உறுமியது. உட்கார்ந்தது. அவர் கையைப் பார்த்தது. ஒன்றும் வராததால், நாலு நாளாகச் சேர்த்துவைத்திருந்த எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வைத்தது: அடித்தொண்டை, மேலுதடு, பல், நடுவில் சின்ன இருமல். வால் இடமும் வலமும் அடித்துக்கொண்டேயிருந்தது.

மதிப்பீட்டாளர் நின்றார். "டாக்டர், வால் ஆடுதே."

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உட்காந்தும் இருக்கான். ஆனா உறுமுறான். இந்தப் படிவத்துல வாலைப் பத்தி எதுவுமே இல்லையே." அவர் தாளைப் புரட்டினார். "குறிப்பு எழுதக்கூட இடம் விடல. யாருங்க இதைத் தயாரிச்சது?"

மேஸ்திரி கூரையை ஆராய்ந்தார். அங்கே ஒரு விரிசல் இருந்தது, பழைய தொழில் ஞாபகத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் 'ஆம்' என்பதில் குறி போட்டார். மிச்ச ஐந்திலும் வக்கீல் முழு மதிப்பெண்.

படிவம் டாக்டரின் மேசைக்கு வந்தது. சிவப்பு அட்டை விழ அவர் கையெழுத்து வேண்டும். அறையில் யாருமில்லை. ஒரு சின்னக் கோட்டை அடித்து, பக்கத்தில் இன்னொரு கோடு போட்டால் போதும். அவர் பேனாவைத் திறந்தார். இது கடிக்கிற நாய் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கொஞ்ச நேரம் அந்த நிச்சயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் வீட்டுக்கு அனுப்பியபோது இருந்ததும் இதேதான், இதே எடை, இதே வெதுவெதுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை சாவிக்காரர் அக்காவோடு வந்தார். பித்தளையில் வட்டமாக வெட்டி, வக்கீல் என்று செதுக்கி, ஓட்டை போட்டு வளையமும் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். காது, பிஸ்கட், கோட்டுப் பை, ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்ப தப்பு அவன் மேல இல்லையே," என்றார் சாவிக்காரர்.

"இல்ல."

"நான் உறுமினா பிஸ்கட் தர மாட்டேன் டாக்டர். நானே காலையிலேர்ந்து உறுமிக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்கு யாரு தர்றா?"

டாக்டர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "இன்னொரு நாய் பாக்கறீங்களா? ஹெட்மாஸ்டர் இருக்கு, ரொம்பச் சாது."

"அவரு வேண்டாங்க. பள்ளிக்கூடத்துலயே எனக்கும் அவங்களுக்கும் ஒத்துவராது." பித்தளை வட்டத்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்கு வேண்டாம். சனிக்கிழமை வந்து சும்மா பாத்துட்டுப் போலாமில்ல?"

"பின்வரிசைக்கு வெளியாள் போகக்கூடாது."

"அதுவும் விதியா?"

"ஆமா."

"அதை எழுதினது..."

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் டாக்டருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவர் நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். "வக்கீல் வர மாட்டாராம்க்கா. நாம போலாமா?"

அக்கா தன் வலது பாதத்தைப் பார்த்தார். பிறகு கூண்டுகள் இருக்கும் பக்கம் பார்த்தார். அவர் வாய் வேறு ஏதோ ஒரு சொல்லுக்காக முயன்றது. உதடு குவிந்தது, தாடை நடுங்கியது, முகமெல்லாம் சிவந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஆமா," என்றார்.

பித்தளை வட்டத்தை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பின்வரிசை என்பது மதிலை ஒட்டிய எட்டுக் கூண்டுகள். வெயில் மத்தியானத்தில் மட்டும் வரும். வக்கீலை எட்டாவதில் விட்டார்கள். டாக்டர் உறுமல் தாளை அந்தக் கூண்டுக் கதவுக்கு மாற்றி ஒட்டினார். சரியான வழியைப் பாதியில் விடக்கூடாது என்று எல்லாருக்கும் சொன்னார். தாளில் இருபத்தாறு என்று இருந்தது, பிறகு பதினெட்டு, ஒன்பது, மூன்று. பாடப்புத்தகத்தில் வரைந்த கோடுபோல இறங்கியது. பிஸ்கட் நின்ற இருபத்திரண்டாம் நாள் பூஜ்யம்.

அன்று மத்தியானம் டாக்டர் எட்டாவது கூண்டுக்கு முன் போய் நின்றார். வக்கீல் சுவரோரம் படுத்திருந்தது. உறுமவில்லை. உட்காரவில்லை. கதவுப் பக்கம் வரவும் இல்லை. அவர் பிஸ்கட்டைக் கம்பிக்குள் நீட்டினார். அது பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கெட்ட பழக்கம் விட்டுப்போனதா, கேட்பதே விட்டுப்போனதா? ரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. தாளில் இரண்டுக்கும் பூஜ்யம்தான் எழுத வேண்டும்.

பெரிய டாக்டர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். ஆளில்லை. கோட்டைச் சுருட்டிக்கொண்டு தரையில் குந்தி, கம்பியில் நெற்றியை வைத்து, "உர்ர்," என்றார்.

வக்கீலின் ஒரு காது எழுந்தது. நன்றாக ஆறிய, கண்ணாடி மாதிரியான காது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு மெல்ல மடங்கியது.

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பூஜ்யத்தை அடித்து, ஒன்று என்று எழுதினார். உறுமியது யார் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.